டாக்ஸி ஜன்னலில் ஒரு ஏரியல்

என் அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகள் எல்லாம் அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வெளிவந்து முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவை அவரைப் பொறுத்தவரை வெறும் கத்தல். இதை அவர் தன் டாக்ஸியில் ஏறும் தமிழ் ஆட்களிடம் கேட்காமலேயே சொல்வார். மாட்டுங்காவில் ஏறும் ஆபீஸ்காரர்கள் சிலர், தாராவிக்காரனுக்குச் சங்கீதத்தைப் பற்றி என்ன பேச்சு என்பதுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அதையும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார்.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, அந்தப் பழைய பாட்டுகளை நான் அவருடைய டாக்ஸியில் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரை மணிக்கு. ஊர் சுற்றப் போனோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவுக்கு டி.பி. வந்திருந்தது. தாராவியிலிருந்து சயான், சுனாபட்டி வழியாகச் செம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு, வாரம் இரண்டு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போவார்.

டாக்ஸி எங்களுடையது இல்லை, ஒரு சேட்டுடையது. ராத்திரி ஓட்டுகிற ஆள் காலை ஏழு மணிக்குச் சாவியைக் கொடுப்பான். அப்பாவின் முதல் சவாரி நாங்கள். மீட்டர்க் கொடி நிமிர்ந்து நின்றால் காலி வண்டி என்று வழியெல்லாம் கை காட்டுவார்கள் என்பதால், அப்பா தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்து அந்தக் கொடியைச் சுற்றிக் கட்டிவிடுவார். அம்மா பின் சீட்டில், கண்ணாடி முழுக்க இறக்கிய ஜன்னல் ஓரம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்காருவாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில். திரும்பி வந்ததும் பினாயில் தண்ணீரில் துணியை முக்கிப் பின் சீட்டைத் துடைப்பது என் வேலை. அடுத்து ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அப்பா சொல்வார். எங்கள் சந்தில் எல்லோரிடமும் அம்மாவுக்கு இளைப்பு என்றுதான் சொல்லியிருந்தோம். டி.பி. என்று தெரிந்தால் குழாயடியில் எங்கள் குடத்தைத் தொடக்கூட மாட்டார்கள்.

அந்தப் பயணத்தைப் பொறுத்துக்கொள்ள அப்பா கண்டுபிடித்த வழிதான் டிரான்சிஸ்டர். பெரிய டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, தோல் உறை போட்டது. அதை என் மடியில் வைத்து ஏரியலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கச் சொல்வார். வண்டிக்குள் வைத்தால் இரைச்சல்தான் வரும், வெளியே நீட்டினால் சிலோனிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பு கிடைக்கும். அந்த நேரத்தில் அரை மணி பழைய பாட்டுகள். கனமான குரல் வந்தால் பெட்டி என் தொடைமேல் அதிரும். எனக்கு அந்தப் பாட்டுகள் ஒன்றும் பெரிதாகப் பிடித்திருக்கவில்லை. எல்லோரும் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். தெருவில் கேட்ட ஹிந்திப் பாட்டுகள்தான் எனக்கு வாயில் வரும். ஆனால் முன் சீட்டில், ஏரியலைப் பிடித்துக்கொண்டு, சந்தின் முனையில் நிற்கும் பிள்ளைகள் வாய் பார்க்கக் கிளம்பிப் போவது ரொம்பப் பிடித்திருந்தது. அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகிவிட்டால் இது நின்றுபோகுமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பா சின்ன வயதில், ஊரில் ஒரு டூரிங் கொட்டகையில் வேலை பார்த்தவர். சினிமா தொடங்கும் முன் குழாய் ஒலிபெருக்கியில் இசைத்தட்டு போடுவதுதான் வேலை. கொட்டகைக்குப் பின்வீடு அம்மாவுடையது.

"உங்கப்பா மூஞ்சி தெரியிறதுக்கு முந்தியே அவிய போட்ட பாட்டு எனக்குத் தெரியும்" என்பாள் அம்மா. "முதல்ல சாமிப் பாட்டு. கடைசியில ஒரு பொம்பள ஒத்தையில பாடுவா பாரு, அதப் போட்டாவன்னா படம் ஆரம்பிக்கப் போவுதுன்னு அர்த்தம். அந்தக் கடைசித் தட்டு வந்தாத்தான் எங்க வீட்டுல சோறு வடிப்போம்."

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அப்பா சொன்னாராம், அந்தப் பின்வீட்டில் ஒரு பெண் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பது கேட்டு அந்தக் கடைசித் தட்டைச் சில நாள் இரண்டு தரம் போட்டேன் என்று. முதலாளியிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் காதல் கதை என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான். இதைத் தாண்டி அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

டாக்ஸியிலும் அப்படித்தான். அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் பார்ப்பார். அம்மா பாட்டுக்கு ஏற்ப முழங்காலில் விரல் தட்டுவாள். இருமலுக்குப் பயந்து வாய்திறந்து பாடமாட்டாள். விரல் தட்டுவது கண்ணாடியில் தெரிந்தால் அப்பாவின் முகம் லேசாகிவிடும். "கேட்டியா, கொரலு எப்பிடிக் கெடக்கு!" என்பார். அன்றைக்கு வண்டி நல்லபடி ஓடிற்று என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குள் அப்பா வரமாட்டார். வாசலில் டாக்ஸியை விட்டுவிட்டு நகர்ந்தால் போலீஸ்காரன் வந்து நிற்பான். அம்மாவுக்கு ஹிந்தி வராது, தக்காளி, வெங்காயம் வாங்குகிற அளவுக்குத்தான். அதனால் நான்தான் கூடப் போவேன். டாக்டர் மராத்திக்காரர், தலை நரைத்தவர். வெளியே வரிசை தெருவரைக்கும் நிற்கும், இருந்தாலும் எல்லோரிடமும் அதே கேள்விகளைப் பொறுமையாகக் கேட்பார். பசி எடுக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா, தலை சுற்றுகிறதா. கடைசியாக, "கான் மே ஆவாஸ் ஆத்தி ஹை க்யா?" காதில் சத்தம் கேட்கிறதா என்று அர்த்தம். நான் தமிழில் சொல்வேன், அம்மா பதில் சொல்வாள், நான் ஹிந்தியில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரியான எனக்கு, ஒரு டாக்டரும் பெற்ற அம்மாவும் என் வாயைப் பார்த்து நிற்பது பெருமையாக இருந்தது.

முதல் இரண்டு மாதம் அந்தக் கடைசிக் கேள்விக்கு "நஹீ" என்பது உண்மையான பதில்.

மூன்றாம் மாதம் ஒருநாள் மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா படுத்துக்கொண்டே, "ஏளா, ஸ்டவ்வ அமத்து. சத்தம் காத அடைக்கி" என்றாள். உஸ்ஸென்று இரையும் எங்கள் பம்ப் ஸ்டவ் அப்போது எரியவில்லை. எரியவில்லை என்றேன். எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்து கிடந்தது. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை எரியாத ஸ்டவ்வை அமத்தச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். நின்றது சத்தம் இல்லை, சொல்வதுதான்.

அடுத்த செவ்வாய், டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் அம்மாவைப் பார்த்தேன். மேஜைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இல்லன்னு சொல்லுளா."

"அம்மா, ஸ்டவ் சத்தம் கேட்டுச்சே?"

"இல்லன்னு சொல்லு."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் "நஹீ" என்றேன். "அச்சா" என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது படிக்கட்டில் நிறுத்திச் சொன்னாள், இந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்குமாம், தெரிந்தால் நிறுத்திவிடுவார்களாம். எங்கள் எதிர் வரிசையில் ஒரு அக்காவை இதே வியாதிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிப்போனது. அவள் திரும்பவில்லை. அவளுக்கும் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னார்களாம்.

"ஊசிய நிப்பாட்டிட்டா என்னையும் அப்பிடித்தான் ஏத்திட்டுப் போவாவ. அப்புறம் நீ யாரோட இருப்ப? காதுதான், போனாப் போவுது. உங்கப்பாகிட்ட மூச்சு விட்ராத."

ஊசியை நிறுத்தினால் அதற்குப் பதிலாக வேறு மருந்து கொடுப்பார்கள், அதற்காகத்தான் அந்தக் கேள்வியையே கேட்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத் தெரிந்த மொழி என்னிடம்தான் இருந்தது. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா செத்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் என் தலையில் அன்றைக்கு ஏறவில்லை.

அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து "நஹீ" சொன்னேன். பழகப் பழகப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! சில நாள் கேள்வியை அம்மாவிடம் சொல்லக்கூட மாட்டேன், நானே பதில் சொல்லிவிடுவேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, கெட்டிக்காரப் பெண் என்று ஒருநாள் என் தலையில் தட்டினார்.

வீட்டில் அம்மா குறைவாகப் பேசினாள். குழாயடியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுக்குக் கொழுப்பு என்றார்கள். அப்பா, வியாதிக்காரி, களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். டாக்ஸியில் மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை. பாட்டு வந்தால் விரல் முழங்காலில் தட்டிற்று. சரி, பாட்டு மட்டும் இன்னும் கேட்கிறது போல என்று நானும் ஆறுதல் அடைந்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு வெள்ளிக்கிழமை, சுனாபட்டி தாண்டியதும் டயரில் காற்று குறைந்திருப்பதுபோல இருந்தது. அப்பா வண்டியை ஓரம்கட்டிக் காற்றடிக்கிற கடையில் ஆளைக் கூப்பிடப் போனார். பேட்டரி வீணாகாமல் இருக்கட்டும் என்று நான் ரேடியோவின் திருகைத் திருப்பி அணைத்தேன். பாட்டு நடுவில் நின்றது. ஏரியலை உள்ளே இழுக்கச் சோம்பல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் கையிலிருந்த ஏரியலைப் பார்த்தபடி முழங்காலில் விரல் தட்டிக்கொண்டிருந்தாள். நிதானமாக, முகத்தில் லேசான சிரிப்போடு. தெருவில் கைவண்டிகள் போகிற சத்தம் தவிர வண்டிக்குள் ஒன்றுமே இல்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று தெரியவில்லை. ஏரியலை மெல்ல உள்ளே இழுத்தேன். விரல் நின்றது. மறுபடி வெளியே நீட்டினேன். கொஞ்சம் கழித்து விரல் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்பா இன்னும் காற்றடிக்கிற கடையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அவிய என்னையக் கண்ணாடியில பாக்காவ" என்றாள், தன் குரலின் அளவு தெரியாமல் கொஞ்சம் உரக்க. "தட்டலன்னா மொகம் வாடிப்போவுது. நீ கம்பிய மட்டும் சரியாப் பிடி. வெளிய இருந்தா பாட்டு, உள்ள இருந்தா இல்ல. நான் பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து ஏரியல் எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு ஏற்பாடாகிவிட்டது. பாட்டு வந்தால் வெளியே. விளம்பரமோ பேச்சோ வந்தால் உள்ளே. வேகமான பாட்டென்றால் கம்பியைக் கொஞ்சம் ஆட்டுவேன், மெதுவான பாட்டுக்கு ஆட்டாமல் பிடிப்பேன். கடைசித் தட்டுப் பாட்டு வரும் நாளில் ஏரியலைப் பின்னால் சாய்த்துக் காட்டுவேன். உடனே அம்மாவின் கண் கலங்கும், அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு ஹாரனை ஒரு தடவை அழுத்துவார். நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சந்துமுனைப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று அதற்கப்புறம் நான் கவனித்ததில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுத்தமாகிவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். நான் தமிழில் சொன்னேன். அம்மா என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று அவர் காதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருப்பேனா தெரியாது.

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வண்டியைக் கிளப்பியதும் ரேடியோவைப் போட்டார். இரண்டு பாட்டு போனது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை நீட்டித் திருகை அணைத்துவிட்டு அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கடைசித் தட்டுப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்தார். சுருதியும் இல்லை ஒன்றும் இல்லை. வெட்கத்தோடு நிறுத்திக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே, "ஏளா, எதுக்கு ரெண்டு மட்டம் போட்டேன்னு இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

அவர்கள் ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை என்றேன் அல்லவா, அன்றுதான் முதல் தடவை.

ஏரியல் வெளியே இருந்தது. அணைத்தவுடன் நான் அதை உள்ளே இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. என்னால் இனி முடியாது என்று இருந்தது. அவ்வளவுதான்.

அப்பா பதிலுக்காகக் கண்ணாடியில் பார்த்தார். அம்மா ஜன்னலில் நீட்டியிருந்த கம்பியைப் பார்த்து முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு முறை கேட்டார். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். விரல் நிற்கவில்லை. வண்டி மெதுவாகி ஓரத்தில் நின்றது. அப்பா என் மடியிலிருந்த ரேடியோவைப் பார்த்தார், பிறகு என்னை.

"எப்பருந்து?"

"போன வருஷத்துலருந்து."

"டாக்டர் ஒண்ணும் கேக்கலியா?"

"ஒவ்வொரு வாட்டியும் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நஹீன்னு சொன்னேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் நான் இதை என்றைக்கோ மறந்திருப்பேன். கீழே இறங்கி, மீட்டரில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா ரோட்டோரம் நின்றார். பின் சீட்டில் அம்மா விரலை மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்துபோயிற்று என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரேடியோவைத் தோல் உறையோடு அந்தத் துண்டிலேயே சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். மாசக்கணக்காக அது கீழே இறங்கவில்லை. அம்மா தெம்பாகிவிட்டாள், இடியாப்ப உரலைத் தானே அழுத்துவாள். அப்பா அவளிடம் பேச வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் உதட்டை அசைத்து அவளுக்குச் சொல்வேன். ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பொட்டலத்தை இறக்கினாள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். ரேடியோவை அவருக்கு முன்னால் தரையில் வைத்து, ஏரியலை இழுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, திருகைத் திருப்பினாள். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. கொஞ்சம் இரைச்சல், பிறகு ஒரு பெண் ஒத்தையில் பாடும் கனமான குரல். அரை மணி நேரத்தில் எத்தனையோ பாட்டு உண்டு, அன்றைக்குப் பார்த்து அதுவாகத்தான் இருக்க வேண்டுமா?

அம்மா உள்ளங்கையை அந்தப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாடுதா?" என்றாள்.

பாதிச் சோப்பு நுரையோடு அப்பா பெட்டியையும் அவளையும் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். "பேட்டரி தீந்துட்டுன்னு சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார் என்னிடம். அவள் இல்லாமல் அதைத் தனியாகக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"இல்ல" என்றேன். "பேட்டரி தீந்துட்டாம்."

"சரி, அப்பம் வேற வாங்கணும்" என்றாள் அம்மா. கையை எடுக்கவில்லை. அந்தப் பெட்டி கனமான குரலுக்கு எப்படி அதிரும் என்று என் தொடைக்குத் தெரியும். பாட்டு முடியும்வரை அவள் உள்ளங்கை அதன்மேலேயே இருந்தது.